அம்மன் மீதான அச்சமும் பஞ்சசீலமும்: ரங்கூனிலிருந்து ஓர் ஒப்பீடு

ரங்கூனில் தமிழர் 1871இல் எழுப்பிய காளி கோயிலின் முன் சத்தியம் செய்துவிட்டு அதை மீறினால் அம்மன் கேட்பாள் என்று அஞ்சி வளர்ந்தவர்கள் நாம். யாரும் பாராத இடத்திலும் கையைத் தடுக்கும் வலிமை அந்த அச்சத்துக்கு உண்டு.

நம்மைச் சூழ்ந்து வாழும் பர்மியரின் தேரவாத பௌத்தத்திலோ உலகைப் படைத்து ஆணையிடும் கடவுள் இல்லை. 'நாட்' எனப்படும் பர்மிய நாட்டார் தேவதைகளை வணங்குவோர் பலர் உண்டெனினும், ஒழுக்கம் அவற்றின் கட்டளையன்று. கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை நாடாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய பஞ்சசீலத்தைப் பாலி மொழியில் ஓதும்போது, ஒவ்வொன்றும் "விலகியிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன்" என்று ஓதுபவரின் சொந்த உறுதியாக முடிகிறதே தவிர, "செய்யாதே" என்னும் ஏவலாக வருவதில்லை. வினைப்பயனில் நம்பிக்கை அங்கும் உண்டு. ஆனால் அதை வழங்கும் ஆண்டவர் எவரும் இல்லை.

சபலம் வந்த நொடியில் தனிமனிதரைத் தாங்குவதில் அம்மனின் பார்வை கூடுதல் துணை என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆயினும் கடவுளின்றி அறம் நிற்காது என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு மனம் வரவில்லை. தெருவோர மரத்தடியில், வழிப்போக்கருக்காக மூடியும் குவளையுமாக மண்பானை ஒன்று இருக்கிறது. அதை நிரப்பியவர் யாரென்று குடிப்பவருக்குத் தெரியாது. நம் தண்ணீர்ப் பந்தல் தீர்ப்பதும் அதே தாகத்தைத்தான், அம்மன் பெயரால்.