மொத்தமான வயர், மெல்லிய செம்பு

"அண்ணை, ஸ்பீக்கருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டா பேஸ் கூடுமோ?"

கூடாது. ஸ்பீக்கர் 8 ஓம், அம்பிளிபயரில் இருந்து 3 மீற்றருக்குள் நிற்கிறது என்றால் 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரே தாராளம். அதற்கு மேல் செலவழிப்பது பார்வைக்குத்தான்.

கணக்கு சின்னன். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு, மீற்றருக்கு 0.0172 ஓம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஆகவே நீளத்தை இரண்டால் பெருக்கி, 0.0172 ஆல் பெருக்கி, வயரின் குறுக்குவெட்டுப் பரப்பால், அதாவது 1.5, 2.5 என்கிற அந்தச் சதுர மில்லிமீற்றர் எண்ணால், வகுக்க வேண்டும். வருகிற விடை ஸ்பீக்கர் ஓமில் 5 வீதத்துக்குள் நின்றால் போதும். 1.5 வயரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 17 மீற்றர் வரை போகலாம். 4 ஓம் என்றால் 8.7 மீற்றரோடு சரி.

பிழைக்கிறது பின்பக்க ஸ்பீக்கரில். ஹோல் 5 மீற்றர்தானே என்று வயர் வெட்டுவார்கள். கதவு நிலையைச் சுற்றி, கூரை ஓரமாய் ஏறி இறங்கும்போது அது 12 மீற்றர் ஆகிவிடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 வயரில் 12 மீற்றர் என்றால் 0.275 ஓம், கிட்டத்தட்ட 7 வீதம். அம்பிளிபயர் பெட்டியில் டாம்பிங் ஃபக்டர் (ஸ்பீக்கர் கோனின் ஆட்டத்தை அம்பிளிபயர் அடக்கிப் பிடிக்கிற வலு) 200 என்று அடித்திருந்தாலும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது 15ஐத் தாண்டாது. அந்த இடத்தில் 2.5 போடுவது நியாயம். 4 வீதத்துக்கு இறங்கும். வயரில் 50/0.25 என்று இருந்தால் 0.25 மில்லிமீற்றர் இழை ஐம்பது, அதாவது 2.5. 30/0.25 என்றால் 1.5. 24/0.2 என்றால் 0.75. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 கூட 2.5தான். மின்சாரத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விறைப்பு, ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளினால் முனையை நெம்பிக் கழற்றிவிடும்.

இவ்வளவும் செப்பு வயருக்கான கணக்கு. கடையில் "நல்ல மொத்தம் தம்பி" என்று எடுத்துத் தருகிற கண்ணாடி உறை வயரில் மொத்தமாய் இருப்பது பிளாஸ்டிக். உள்ளே இருப்பது பெரும்பாலும் செப்பு முலாம் போட்ட அலுமினியம், சீசீஏ (CCA). அதன் கடத்துதிறன் செம்பின் மூன்றில் இரண்டு பங்குதான். 2.5 என்று வாங்கினால் 1.6 செம்பு வாங்கின மாதிரி.

பிடிப்பது சுகம். ஓர் இழையை பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. வெள்ளீயம் பூசின செம்பு வெளியில் வெள்ளையாய், உள்ளே சிவப்பாய் இருக்கும். அதைப் பார்த்து மருள வேண்டாம். நகைக்கடைத் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது: இரட்டை 2.5 செப்பு வயர் ஒரு மீற்றரில் செம்பு மட்டும் 45 கிராம் வர வேண்டும். சீசீஏ 20 கிராமைத் தொடாது.

நீதியாய்ச் சொன்னால், முதல் இரண்டு வருடம் சீசீஏ வயரில் ஒரு குறையும் இல்லை. விலை குறைவு, வளைப்பது சுகம், இரண்டு அளவு கூட்டிப் போட்டால் செம்புக்கும் அதற்கும் காதுக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் கேட்கிறது என்கிறவர்களைக் கண்ணைக் கட்டி இருத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது மாரியில்தான் வினை. யாழ்ப்பாணக் கரையோரத்தில், குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் உப்புக்காற்று சன்னலால் வந்து முனையில் படியும். செம்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் ஈரஉப்பு சேர்ந்தால் முதலில் கரைவது அலுமினியம். முனையில் வெள்ளைப் பொடி. திருகை இறுக்கினால் இழைகள் பொடிப்பொடியாய் உதிரும். இடது பக்கம் சத்தம் வரும், போகும், கரகரக்கும். ஆட்கள் அம்பிளிபயரில் பிழை என்று தூக்கிக்கொண்டு திருத்த ஓடுவார்கள். அங்கே அது ஒழுங்காய்ப் பாடும். ஈயம் வைத்துச் சரிக்கட்டலாம் என்றால், முலாம் போன அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது.

செம்பும் பச்சை பிடிக்கத்தான் செய்யும். ஆனால் 3 சென்ரிமீற்றர் வெட்டினால் பெரும்பாலும் சிவப்பு வந்துவிடும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கோ. அதற்காகவே இரண்டு பக்கமும் ஒரு முழம் மிச்சம் விட வேண்டும். திருகு முனைக்குள் ஈயம் பூசின நுனியைப் போடக் கூடாது: ஈயம் மெல்ல நசிந்து கொடுத்து, திருகு தளரும். செப்புக் குழாய் முனை நசித்துப் போடுவது திறம். கிளிப் வகை முனைக்குள் 2.5 நுழையாது என்று இழைகளைப் பாதியாய் வெட்டுவது இன்னொரு கூத்து; வெட்டின இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டால் அம்பிளிபயரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

கடற்கரையில் இருந்து எட்ட, 3 மீற்றர், முன்பக்க ஸ்பீக்கர் மட்டும் என்றால் சீசீஏ போதும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. என்றாலும் வாங்காதேயுங்கோ. ஏற்கெனவே வாங்கியிருந்தால் புடலங்காய்ப் பந்தல் கட்ட நல்லாய் உதவும்.