ஒட்டுப்போட்ட வளைவும் நகலெடுத்த வளைவும்

ரோமில் கி.பி. 81 வாக்கில் பேரரசர் டைட்டஸின் நினைவாக எழுந்த வெற்றி வளைவு, இடைக்காலத்தில் ஒரு கோட்டைக்குள் சுவரோடு சுவராகிப் போனது. 1820களில் வலடியேர் என்ற கட்டடக்கலைஞர் அதைப் பிரித்து மறுபடி கட்டினார். காணாமல்போன பகுதிகளுக்குப் பளிங்கு வேண்டாம், டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல்லே போதும் என்றுவிட்டார். கிட்டப் போய்ப் பாருங்கள்: பழைய தூணில் நெடுக வரிப்பள்ளங்கள் ஓடும், புதியது மொழுமொழுவென்று நிற்கும். அசல் எது, ஒட்டு எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

சிரியாவின் பழங்கால நகரமான பல்மைராவில் இருந்த வளைவு வேறு கதை. 2015இல் ஐஎஸ் தீவிரவாத அமைப்பு அதைத் தகர்த்தது. மறு வருடமே லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் அதன் நகல் நின்றது. புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி, எகிப்தியப் பளிங்கு, இயந்திரச் செதுக்கல். வேகம் சரி. ஆனால் அளவில் சிறியது, ஊரும் வேறு. பாலைத் தூசி படாத அந்தப் பளபளப்பு எனக்கு ஒட்டவே இல்லை. என் ஓட்டு வலடியேருக்குத்தான்.