முன் ஜிப் பேடக் பூட்ஸ்: தோலுக்கு நூறு, ஜிப்புக்கு முட்டை

மறுபடியும் பூட்ஸ் ஜிப்பின் ரன்னரை, அதாவது ஏற்றி இறக்கும் பிடியை, மாற்றியாயிற்று. இடது கால். எப்போதும் இடதுதான் முதலில் போகும். குதிரை ஏறும்போது அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) முதலில் நுழைந்து, உடம்பின் பாரம் மொத்தத்தையும் வாங்குவது அந்தக் கால். கணுக்கால் மடிகிற இடத்தில் ஜிப் வளைந்து நிற்க, அந்த வளைவின் மேலேயே எடை இறங்குகிறது. வலது கால் ஜிப் இன்னும் ஒழுங்காக ஓடுகிறது.

லாயத்துக்குப் புதிதாக வரும் நண்பர் ஒருவர், குதிரையேற்றத்துக்கான பேடக் பூட்ஸில் முன் ஜிப் வாங்கலாமா, லேஸ் வாங்கலாமா, எலாஸ்டிக் வைத்த ஜோத்பூர் பூட்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கான பதில்தான் இப்படி நீண்டுவிட்டது. இங்கே பேசப்படும் ஜோடி கான்பூர் செய்கை. கணுக்காலுக்கு மேல் வரும் உயரம், அசல் தோல், தைத்த ரப்பர் சோல், முன்னால் பித்தளைப் பல் ஜிப், ஜிப்பின் தலைப்பில் ஒரு பட்டன் பட்டை. கம்பெனி பெயர் தேவையில்லை. இதே அமைப்பை வெவ்வேறு பெயர்களில் பலரும் விற்கிறார்கள்.

முதலில் நியாயம் பேசிவிடலாம். தோல் பிரமாதம். இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் கனம், மேல்பரப்பைத் தேய்த்து பிளாஸ்டிக் பூச்சு ஏற்றாத தோல். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். விரல் மடியும் இடத்தைக் கட்டை விரலால் உள்ளே அழுத்துங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் பல விழும், கையை எடுத்ததும் மறையும். பூச்சுத் தோலில் அகலமாக ஒரே மடிப்பு விழும். அந்த மடிப்பில்தான் அடுத்த கோடைக்குள் விரிசல் வரும். சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்து உப்புக்காற்று, வியர்வை, குளிப்பாட்டும் தண்ணீர், மணல் என்று எல்லாவற்றையும் இந்தத் தோல் தாங்கி நிற்கிறது. மழைக்காலம் கடந்தும் தையல் ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை.

ஹீலும் சரியாக இருக்கிறது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரம், முன்விளிம்பு செங்குத்தாக வெட்டியது. பாதம் அங்கவடிக்குள் முழுதாகச் சறுக்கிப் போகாமல் தடுப்பது அந்த விளிம்புதான். விழும்போது கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். ஹீல் தேய்ந்து முன்விளிம்பு உருண்டுவிட்டால் உடனே மாற்றுங்கள், அழகுக்காகக் காத்திருக்க வேண்டாம். சோலின் அடியில் ஆழமான பள்ளங்கள் கூடாது, மேலோட்டமான கோடுகள் போதும். பாதத்தின் மிக அகலமான இடத்தில் சோலோடு சேர்த்து அளந்தால் வரும் அகலத்தைவிட அங்கவடியின் உள் அகலம் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பூட்ஸின் அகலம் பத்து சென்டிமீட்டர் என்றால் அங்கவடி பன்னிரண்டரை. அதைவிட இறுக்கமானால் கால் சிக்கும், அதிகம் தளர்ந்தால் பாதம் உள்ளே போய்விடும். பூட்ஸ் மாற்றும்போதெல்லாம் இதை அளக்க வேண்டும். பெரும்பாலோர் பூட்ஸை மாற்றிவிட்டு அங்கவடியை மறந்துவிடுகிறார்கள்.

சோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். இந்த ஜோடியில் இருப்பது ரப்பர். விலை குறைந்த பல பூட்ஸ்களில் பாலியூரித்தேன் சோல் வரும். எடை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும், கடையில் போட்டுப் பார்த்தால் மனம் மயங்கும். ஆனால் காற்றிலிருக்கும் ஈரமே அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கும். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. போடாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் தப்பாது. சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால் நடக்கும்போதே அப்பளமாக உதிரும். ஆகவே ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று பாலியூரித்தேன் சோல் வாங்காதீர்கள். சோலின் அடியில் வட்டமாக மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் அழுத்தினால் நுரை மாதிரி அமுங்கினால் சந்தேகப்படுங்கள்.

இனி ஜிப்.

பித்தளை ஜிப் என்றால் உறுதியானது, நைலான் என்றால் மலிவு என்பது கடைக்காரர் பாடம். ஜீன்ஸுக்கு அது சரி. லாயத்துக்குத் தலைகீழ். குதிரை மூத்திரத்தில் யூரியா உண்டு. தரையிலுள்ள பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியா ஆக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரலுக்குப் பயந்து தார்ப்பாய் இறக்கிவிட்டால் வெளியேற வழியில்லாமல் அது உள்ளேயே தேங்கும். விடிகாலை லாயக் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அதுதான். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளைக்கு எமன்.

இது இந்திய மண்ணிலேயே கண்ட பாடம். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேர்த்து வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல், குறிப்பாகக் குண்டைக் கவ்விப் பிடித்த கழுத்துப் பகுதியில். காரணம் 1921இல்தான் தெளிவானது. குளிர்நிலையில் அழுத்தி இழுத்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருந்தன. ஜிப் பல்லும் நாடாவின் மேல் அழுத்திக் கவ்வ வைத்த பித்தளைதான். நூறு வருடத்துக்கு முன்பே விடை தெரிந்த விஷயத்தில், குதிரைக்காரர்களுக்கென்றே செய்யும் பூட்ஸில் பித்தளைப் பல்லை வைப்பவர்களை என்னவென்று சொல்வது! பல்லில் பச்சை பூக்கும், ரன்னர் திக்கும், வேகமாக இழுத்தால் கவ்வல் விட்டுப் பல் கழன்று வரும். எல்லாம் கீழ்ப்பகுதியில்தான் ஆரம்பம், ஈர வைக்கோலுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதானே.

இரண்டாவது எதிரி மணல். குதிரை ஓட்டும் களத்து மணல் நைஸாகப் பல்லிடுக்கில் புகுந்து ரன்னரின் உட்புறத்தை அரம் போட்டுத் தேய்க்கும். ரன்னர் ஏறும், பின்னாலேயே ஜிப் பிளக்கும். உடனே ஜிப் போச்சு என்று முழுதையும் மாற்றிவிடாதீர்கள். பல் வரிசை முழுதாக இருந்தால் ரன்னர் மட்டும் மாற்றினால் போதும். ரன்னரின் முதுகில் 5, 8, 10 என்று எண் இருக்கும், மூடிய பல்வரிசையின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்வது. அதே எண்ணில், அதே வகையில் வாங்க வேண்டும். பித்தளைப் பல்லுக்கான ரன்னர், பல்லுக்குப் பதில் நைலான் இழைச் சுருள் வைத்த ஜிப்புக்கு ஓடாது. பெரியமேட்டில் தோல் சாமான்கள் விற்கும் கடைகளிலோ, பை தைப்பவர்களிடமோ கிடைக்கும்.

அவசரத்துக்குக் குறடு உதவும். ரன்னரின் பின்முனையில், ஜிப் மூடி வெளியேறும் பக்கத்தில், இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாக அழுத்த வேண்டும். ஒரே அழுத்தில் முடிக்க நினைத்தால் உடையும், ஏனென்றால் பல ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, வளையாமல் முறியும். இந்த வைத்தியம் சில வாரம்தான் தாங்கும்.

பராமரிப்பு பெரிய கம்பசூத்திரம் இல்லை. தினமும் கழற்றியதும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இரண்டு பக்கப் பல்லையும் மேலிருந்து கீழாகத் தேய்த்து மணலை உதிர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மெழுகுவத்தியை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். எண்ணெய் கூடவே கூடாது. தேங்காயெண்ணெய் தடவினால் ஜிப் அன்றைக்கு வழுக்கும், மறுநாள் களத்து மணல் மொத்தமும் அதில் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது அடிவரை திறந்துவிட்டுக் காலை எடுங்கள். பாதி திறந்து பிடுங்குவதால்தான் அடிப்பூட்டு பிய்கிறது. போடும்போது குதிகாலைப் பின்னால் தள்ளி, பாதத்தைத் தரையில் பதித்துவிட்டு ஏற்றுங்கள். கழற்றி வைக்கும்போது ஜிப்பை மூடியே வையுங்கள். பட்டன் பட்டையை அலட்சியம் செய்யாதீர்கள், ஓட்டத்தில் ரன்னர் கீழே இறங்காமல் பிடித்திருப்பது அதுதான்.

தோலுக்கும் அம்மோனியா ஆகாது. பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, காரம் பட்டால் இறுகி வெடிக்கும். அதனால் துணி சோப்புத்தூள், பாத்திர சோப்பு இரண்டையும் கிட்டே சேர்க்காதீர்கள். லத்தியும் மூத்திரமும் பட்டதை வெறும் தண்ணீரில் அன்றே கழுவி, வாரம் ஒருமுறை சேணச் சோப்பு போடலாம். வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்தால் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். மழையில் ஊறினால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைய நனைய மாற்றி, மின்விசிறிக்கடியில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயில், பைக் சைலன்ஸர், வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி, மூன்றும் தோலை விறைக்க வைக்கும், ஒட்டுப்பசையை இளக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூசணம் நிச்சயம்.

பணிக்குத் தனி ஜோடி வைத்துக்கொள்வதுதான் பூட்ஸின் ஆயுளைக் கூட்டும் பெரிய உபாயம். லத்தி அள்ளவும் குளிப்பாட்டவும் கம்பூட் போதும். அதோடு குதிரை ஏறிவிட வேண்டாம், அகலமும் அடிப்பள்ளமும் அங்கவடியில் சிக்கும். இந்த வெயிலில் கம்பூட்டுக்குள் கால் வெந்துவிடும், பருத்திக் காலுறையை நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். லாடம் அடிக்கும்போது பிடித்துக்கொள்பவருக்கு இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ நல்லது. ஐ.எஸ். 15298 முத்திரையுள்ள பாதுகாப்புக் காலணியின் முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. ஐந்நூறு கிலோ குதிரையின் எடையில் முன்கால்களுக்குச் சுமார் அறுபது சதவீதம் போகிறது. சும்மா நிற்கும்போதே ஒரு முன்கால் நூற்றைம்பது கிலோ. இது தெரிந்தும் லாயத்தில் பல சைஸ்கள் (குதிரை பராமரிப்பவர்கள்) ஹவாய் செருப்போடுதான் நடமாடுகிறார்கள். முதலாளிகள் குதிரைக்கு வாங்கும் லாடச் செலவில் ஒரு பங்கை இவர்கள் காலுக்கும் செலவழிக்கலாம். லாட ஆணி குத்தினால் காயம் சின்னதென்று விடாதீர்கள். குதிரை லத்தியில் டெட்டனஸ் என்கிற வில்வாத நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கும். டி.டி. ஊசி எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நண்பர் கேட்ட மற்ற இரண்டு. எலாஸ்டிக் ஜோத்பூர் போடக் கழற்ற சுலபம், கெடுவதற்கு ஜிப்பே இல்லை. வியர்வையிலும் எண்ணெயிலும் எலாஸ்டிக் தொளதொளக்கும், ஆனால் காலணி தைப்பவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றிவிடுவார். லேஸ் கணுக்காலை அழகாகப் பிடிக்கும், அறுந்தால் அடுத்த கடையில் கிடைக்கும். முடிச்சின் காதுகளை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள், தொங்கினால் அங்கவடியில் மாட்டும்.

தோல், சோல், ஹீல், தையல், விலை என்று கூட்டிப் பார்த்தால் இந்த முன் ஜிப் ஜோடி பத்துக்கு எட்டு வாங்கும். ஆனாலும் யார் கேட்டாலும் வாங்காதீர்கள் என்பதே பதில். விடியற்காலையில் குதிரைக்குச் சேணம் போட்டுத் தயாராக நிற்கும்போது ஜிப் பிளந்தால் எட்டு மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது? இதே தோலில் லேஸ் மாடலும் செய்கிறார்கள். கேட்டால், ஜிப்தான் சார் ஓடுது, லேஸ் யாரும் கேக்கறதில்ல என்கிறார்கள். ஜிப் எங்கே ஓடுகிறது, அதுதானே பிரச்சினை!

ஏற்கெனவே வாங்கியவர்கள் பித்தளை ஜிப் போகும்வரை காத்திருந்து, போனதும் 8ஆம் எண் நைலான் சுருள் ஜிப் போட்டுக்கொள்ளுங்கள். சுருள் ஜிப் நடுவில் பிளந்தாலும் ரன்னரை அடிவரை இறக்கி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் கூடிவிடும். தைப்பவரிடம் பழைய ஊசித் துளைகளிலேயே, தடித்த பாலியெஸ்டர் நூலில் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளைகள் போட்டால் தோல் அந்த வரியிலேயே கிழியும். நீளத்தைப் பூட்ஸின் மேல் நேர்கோடாக அளக்க விடாதீர்கள், பழைய ஜிப்பைப் பிரித்துத் தட்டையாக விரித்து அளக்கட்டும். கணுக்கால் வளைவை விட்டுவிட்டு அளந்தால் ஒரு சென்டிமீட்டராவது குறையும், அப்புறம் ரன்னர் மேல் பட்டனுக்கு எட்டாது.