சத்து மாத்திரைகளும் மூலிகைச் சாரங்களும்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எதைத் தொடர்கிறேன், எதை விட்டேன்

சத்து மாத்திரைகளைப் பற்றிய பயனர் கருத்துகளில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. சோர்வு போய்விட்டது, முடி கொட்டுவது நின்றுவிட்டது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று சொல்லி அவை முடிந்துவிடும். அதே ஆள் ஓராண்டு கழித்தும் அந்த மாத்திரையைத் தொடர்கிறாரா, ரத்தப் பரிசோதனையில் ஏதாவது மாறியதா, வேறு மருந்துகளோடு அது மோதியதா என்பதையெல்லாம் பெரும்பாலும் யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. தைராய்டு குறைபாட்டுக்கு லீவோதைராக்சினும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் அன்றாடம் எடுத்துக்கொள்ளும் நான், அவற்றோடு சேர்த்துப் பல ஆண்டுகளாகச் சில வைட்டமின்களையும் மூலிகைச் சாரங்களையும் மருத்துவருக்குத் தெரிவித்தே பயன்படுத்தி வந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒன்றை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நான் எப்படித் தீர்மானித்தேன் என்பது சிலருக்கேனும் உதவலாம்.

ஐயத்துக்கு இடமில்லாமல் பயன் தந்தது பி12. மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்துக்கொள்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைந்துவிடும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. பாதங்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தொடங்கியபோது, சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாமல் மருத்துவர் பி12 அளவையும் பார்க்கச் சொன்னார். அது தெளிவாகவே குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் ரத்தத்தில் அளவும் ஏறியது, பாதங்களில் அந்த உணர்வும் குறைந்தது. குறை இருந்ததும், அதற்கான காரணம் தெரிந்திருந்ததும், அளவும் அறிகுறியும் சேர்ந்தே மாறியதும்தான் இந்தப் பலனை நான் நம்புவதற்குக் காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்றும் உண்டு. நரம்புக்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் பி12 தனியாக வருவது அரிது. பி6-உம் கூடவே வரும். பி6 அதிக அளவில் நீண்ட காலம் உடலில் சேர்ந்தால், அதுவே கை கால்களில் மரத்துப்போதலையும் எரிச்சலையும் உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான மேல் எல்லையை நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. அமெரிக்காவில் அந்த எல்லை இன்னும் 100 மில்லிகிராம். எனக்குக் காட்டப்பட்ட கூட்டு மாத்திரை ஒன்றின் பட்டியலில் பி6 மட்டுமே 50 மில்லிகிராம் இருந்தது. மரத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்ளும் மாத்திரையே மரத்துப்போவதற்குக் காரணமானால், அளவு போதவில்லை என்று எண்ணி இன்னொரு மாத்திரை கூட்டுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பி12 மட்டும் உள்ளதையே கேட்டு வாங்கினேன்.

வைட்டமின் டி-யைப் பற்றிச் சொல்ல அவ்வளவு சுவாரசியம் இல்லை. பரிசோதனையில் குறைவாக இருந்தது, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டதும் சரியானது, இப்போது சிறிய அளவில் தொடர்கிறேன். உடலில் எந்த மாற்றத்தையும் நான் உணரவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 26,000 பேரிடம் நடத்தப்பட்ட வைட்டல் என்ற பெரிய ஆய்வில், நாளுக்கு 2000 அலகு வைட்டமின் டி எடுத்துக்கொண்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையோ குறையவில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குறைபாடு இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிகையானது எளிதில் வெளியேறாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகத்தைத் தாக்கும். டப்பாவில் அளவு மைக்ரோகிராமில் அச்சிட்டிருந்தால், 1 மைக்ரோகிராம் என்பது 40 அலகு என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மீன் எண்ணெயை விட்டதற்குக் காரணம் டப்பாவின் பின்பக்கம்தான். முன்பக்கத்தில் 1000 மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இருக்கும். அதாவது ஒமேகா-3 எனப்படுபவற்றில் முதன்மையான இவ்விரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான், மீதி வேறு கொழுப்புகள். வைட்டல் ஆய்வில் கொடுக்கப்பட்ட ஒரு கிராம் மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்து 840 மில்லிகிராம் இருந்தன. அந்த அளவிலும் இதய நோய்கள் ஒட்டுமொத்தமாகக் கணிசமாகக் குறைந்துவிடவில்லை. அதிக அளவு எடுத்துக்கொள்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கூடுகிறது என்றும் வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அதை எடுத்துக்கொள்ளத் தனிக் காரணம் எதுவும் இல்லாததால், அந்த டப்பா தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை.

எனக்குப் பெரிதும் பாடமாக இருந்தது பி வகை வைட்டமின்களில் ஒன்றான பயோட்டின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் போதுமானதாகக் கருதப்படும் அளவு 30 மைக்ரோகிராம். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் வரைகூட இருக்கும். குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. ஆனால், எதிர்பாராத வேறோர் இடத்தில் அது வேலை செய்கிறது. பல ஆய்வகப் பரிசோதனைகள் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு முடிவைத் திரித்துவிடுகிறது. எனக்கு ஒருமுறை வந்த தைராய்டு அறிக்கையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் மிகக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 மிகையாகவும் இருந்தது. ஆனால் நாடித்துடிப்பும் எடையும் வழக்கம்போலவே இருந்தன. நான் எப்போதும் கொண்டு செல்லும் மாத்திரைப் பட்டியலை மருத்துவர் வாங்கி மேலிருந்து கீழே படித்து, பயோட்டின் இருந்த வரியில் பேனாவால் கோடிட்டு, “இதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுங்கள்” என்றார். இரண்டாம் அறிக்கை சரியாக இருந்தது. முதல் அறிக்கையை நம்பியிருந்தால் லீவோதைராக்சின் அளவு தேவையில்லாமல் குறைக்கப்பட்டிருக்கும். இது தைராய்டோடு நிற்பதுமில்லை. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்தது.

மூலிகைகளில் நான் முயன்றவை இரண்டு: தூக்கத்துக்கு அமுக்கரா எனப்படும் அசுவகந்தா, முழங்கால் வலிக்கு மஞ்சளிலிருந்து பிரித்த குர்க்குமின் சாரம். மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூலிகை எல்லாமே வெறும் நம்பிக்கை என்று தள்ளுபவர்களோடும் இல்லை. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினும் இதயத்துக்கான டிஜாக்சினும் செடியிலிருந்து வந்தவையே. கொழுப்பைக் குறைக்க விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாரத்தில் உள்ள மொனகோலின் கே, வேதியியல்படி லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். வேலை செய்யும் பொருள் ஒன்றில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், அது வேண்டாத வேலையும் செய்யும் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமுக்கரா தூக்கத்தை ஓரளவு மேம்படுத்தலாம் என்று சிறிய, குறுகிய கால ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கும் சற்று எளிதாகத் தூக்கம் வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அது தைராய்டு ஹார்மோன்களை உயர்த்தக்கூடியது. ஏற்கெனவே அளந்து பார்த்து அதே ஹார்மோனை மாத்திரையாக எடுத்துக்கொள்பவருக்கு அளவு குழம்பிவிடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பல நாடுகளிலிருந்து பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. எனக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை என்றாலும், கிடைத்த சிறு பலனுக்காக ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் சந்தேகத்தோடு பார்க்க விருப்பமில்லாமல் அதை விட்டேன்.

குர்க்குமின் கதை இன்னும் சிக்கலானது. தனியாக எடுத்துக்கொண்டால் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், பல மாத்திரைகளில் மிளகிலிருந்து எடுத்த பைபரின் சேர்க்கப்படுகிறது. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 20 மில்லிகிராம் பைபரின் சேர்த்தபோது குர்க்குமின் உடலில் சேர்வது மனிதர்களில் 2000 சதவீதம் கூடியது. விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் எண் இதுதான். ஆனால், குடலும் கல்லீரலும் அயல்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வழிகளை அடைப்பதன் மூலமே பைபரின் இதைச் செய்கிறது. அதே வழிகளில் வெளியேறும் மருந்துகளும் அப்போது உடலில் தேங்கலாம். வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால் ஆகியவற்றின் அளவு இப்படி உயர்வது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. கல்லீரல் பாதிப்புகளும் அண்மைக் காலத்தில் பதிவாகிவருகின்றன. பாதிக்கப்பட்டவர்களில் பலரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. நமக்கு அது இருக்கிறதா என்று முன்கூட்டியே யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

சரி, வலி குறைந்ததா? குறைந்தது. ஆனால் குர்க்குமினால்தான் குறைந்ததா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. வலி மிக மோசமாக இருக்கும் நாளில்தான் யாரும் புதிய மாத்திரையைத் தேடுகிறார்கள். உச்சத்தில் இருக்கும் வலி, எதுவும் செய்யாவிட்டாலும், சில வாரங்களில் தானாகச் சற்றுத் தணியும். அந்தப் பெருமை அப்போது விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைச் சோதிப்பதற்காகச் சில வாரம் எடுத்தும் சில வாரம் நிறுத்தியும், தினமும் இரவில் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று நாட்காட்டியில் எழுதி வந்தேன். எடுத்த வாரங்களுக்கும் எடுக்காத வாரங்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. தொடையின் முன்தசைக்கான பயிற்சியைத் தவறாமல் செய்த வாரங்கள்தான் தனித்துத் தெரிந்தன. எது எந்த வாரம் என்று எனக்கே தெரிந்திருந்ததால் இது கறாரான சோதனை ஆகாது. ஆனாலும் தொடர்ந்து பணம் செலவழிக்கக் காரணம் இல்லை என்று முடிவெடுக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தனிமனித அனுபவத்தால் பார்க்கவே முடியாத ஆபத்துகளும் உண்டு. புகைபிடிக்கும் ஃபின்லாந்து ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 சதவீதம் கூடியது என்று 1994-இல் தெரியவந்தது. அந்த மாத்திரையை விழுங்கிய எவருக்கும் அது உடம்பில் தெரிந்திருக்க வழியில்லை. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா வகைச் செடி கலந்துவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. டப்பாவில் அச்சிட்ட பெயரும் உள்ளே இருந்த செடியும் ஒன்றல்ல. இதனால்தான், தயாரிப்பாளரைச் சாராத அமைப்பொன்று உள்ளடக்கத்தைச் சோதித்து முத்திரை வழங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த முத்திரை, எழுதியிருப்பது உள்ளே இருக்கிறது என்பதற்கு மட்டுமே உறுதி. பலன் தரும் என்பதற்கு அல்ல.

அன்றாட நடைமுறையில் மிகவும் தொல்லை தருவது நேரக் கணக்கு. இரும்பு, கால்சியம், மக்னீசியம் ஆகியவை லீவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும் என்பதால் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றிலும் மற்றவற்றை மதியத்துக்குப் பிறகும் வைத்துக்கொண்டதும் என் டிஎஸ்எச் அளவு ஏறி இறங்குவது குறைந்தது. பல வகைச் சத்துகளை ஒன்றாக அடைத்த மாத்திரையிலும் இந்தத் தாதுக்கள் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது நான் தொடர்பவை பி12, சிறிய அளவில் வைட்டமின் டி, இரவில் மக்னீசியம். முதல் இரண்டையும் ரத்தப் பரிசோதனை தாங்கிப் பிடிக்கிறது. மக்னீசியத்தைக் கெண்டைக்கால் பிடிப்புக்காகத் தொடங்கினேன். வயதானவர்களின் பிடிப்புக்கு அது பெரிதாக உதவுவதில்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன, எனக்கும் இதுவரை தெளிவான பலன் தெரியவில்லை, வயிறு மட்டும் சற்று இளகியிருக்கிறது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அது உடலில் தேங்கும் என்பதால், அடுத்த பரிசோதனையில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டுத் தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.