மூன்று ஆக்சில் டிரெய்லருக்கு 20 டன் ஜாக்கியா, 50 டன்னா?

பழைய ஜாக்கியின் சீல் தேய்ந்து எண்ணெய் கக்க ஆரம்பித்ததும், புதிதாக ஒன்று வாங்கச் சங்ககிரிக்குப் போனேன். வண்டி 40 அடி டிரெய்லர், மூன்று ஆக்சில், ஒவ்வொரு ஆக்சில் முனையிலும் உள் டயர், வெளி டயர் என்று ஜோடியாகப் பன்னிரண்டு டயர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் நாமக்கல் பக்கத்துக்கும் கன்டெய்னர் அடிக்கிற வண்டி. கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "டிரெய்லருக்குத்தானுங்களே, 50 டன்னே எடுத்துக்குங்கண்ணா, சின்னதா வாங்கிட்டு ரோட்டுல நிக்காதீங்க" என்றார். நான் வாங்கி வந்தது 20 டன். அது ஏன் என்றுதான் எழுதுகிறேன். ஸ்க்ரூ ஜாக்கி, ஏர் ஜாக்கி, ஜாக்கியே வைக்காமல் கட்டை மேல் ஏற்றுவது என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. அவற்றையும் தொட்டுவிடுகிறேன், ஆனால் சமமாக இடம் கொடுக்கப் போவதில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் ஓரம் கட்ட வேண்டும். இன்ஜினிலிருந்து டிரெய்லரைக் கழற்றக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க வேண்டும். முக்கோண ரிப்ளெக்டரைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். முட்டுக் கொடுத்த கல்லை வேலை முடிந்ததும் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை கிடையாது. இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுகிறவர் பைக்கில் வருகிறவர்.

முதலில் கட்டை. வெளி டயர் மட்டும் பஞ்சர், உள் டயர் நன்றாக இருக்கிறது என்றால், நாலு அங்குலக் கட்டையை உள் டயருக்கு நேராகப் போட்டு வண்டியை மெல்ல அதன் மேல் ஏற்றினால் வெளி டயர் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஜாக்கியே வேண்டாம், பழைய டிரைவர்கள் பலர் இப்படித்தான் மாற்றுவார்கள். எனக்கும் பிடித்த வழிதான், ஆனால் காலி வண்டிக்கு மட்டும். 2018-இல் எடை வரம்பைக் கூட்டியபோது மூன்று ஆக்சில் சேர்ந்த தொகுதிக்கு 27 டன் என்று அரசு அனுமதித்தது. கணக்குப் போட்டால் ஒரு ஆக்சிலின் ஒரு பக்கத்துக்கு நாலரை டன். 16 ப்ளை 10.00 ஆர் 20 டயரின் பக்கவாட்டில் எடைக் குறியீடு 146/143 என்று போட்டிருந்தால், தனியாக அது தாங்கும் எடை 3,000 கிலோ. லோடு வண்டியைக் கட்டை மேல் ஏற்றினால், அந்த நாலரை டன்னும் ஒற்றை உள் டயரின் தலையில் இறங்கும். நிற்கிற வண்டிதானே என்று வாதாடலாம். அந்த டயருக்கு அரை அடி தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு நட்டுக் கழற்றுகிறவர் நாம் என்பதால் நான் வாதாடுவதில்லை. அப்புறம், பஞ்சரானது உள் டயர் என்றால் இந்த வழி உதவவே உதவாது. வெளி டயரைக் கழற்றாமல் உள் டயர் வராது, வெளி டயரோ கட்டை மேல் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

ஸ்க்ரூ ஜாக்கிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. தூக்கிய இடத்திலேயே நிற்கும், தானாக இறங்காது. சீல் கிடையாது, எண்ணெய் கிடையாது, கிரீஸ் வைத்தால் போதும். ஆனால் அதைச் சுற்றுகிற இடம் எங்கே? டிரெய்லரில் ஆக்சிலுக்கு ஆக்சில் 1.3 மீட்டர் சொச்சம்தான். டயரின் விட்டமே ஒரு மீட்டருக்கு மேல். முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. சந்து. அதற்குள் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால் கை முட்டி டயரில் இடிக்கும். ராட்செட் உள்ளது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஏற்றலாம், நேரம் பிடிக்கும். ஒற்றை ஆக்சில் லாரிக்கு நான் இன்றைக்கும் ஸ்க்ரூ ஜாக்கியைக் குறை சொல்ல மாட்டேன். டிரெய்லரின் நடு ஆக்சிலுக்கு அது சரிப்படாது.

ஆக, போட்டி 20 டன், 50 டன் என்ற இரண்டு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும்) ஜாக்கிகளுக்கு நடுவேதான். 50 டன் என்றால் தெம்பு, 20 டன் என்றால் பயம் என்கிற எண்ணம் எங்கிருந்து வருகிறது? வண்டியின் மொத்த எடையைப் பார்ப்பதிலிருந்து. 55 டன் வண்டிக்கு 20 டன் ஜாக்கியா என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நாம் வண்டியைத் தூக்கவில்லை. ஆக்சிலின் ஒரு முனையைத் தூக்குகிறோம்.

இங்கே ராக்கரை, அதாவது நடுவில் அச்சு வைத்து ஏற்றப்பலகை மாதிரி இரண்டு பக்கமும் சாயும் இரும்பை, புரிந்துகொள்ள வேண்டும். பட்டை வைத்த டிரெய்லரில் அடுத்தடுத்த இரண்டு ஸ்பிரிங் பட்டைகளின் முனைகள் ஒரே ராக்கரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். ஒரு ஆக்சிலை ஜாக்கி தூக்கும்போது ராக்கர் சாய்ந்து, பக்கத்து ஆக்சிலைக் கீழே அழுத்தும். அதனால் முதல் சில அங்குலத்துக்கு ஜாக்கியின் மேல் வருவது அந்த ஆக்சிலின் பங்கான நாலரை டன்னும் கொஞ்சம் கூடுதலும்தான். ராக்கர் முழுக்கச் சாய்ந்து சேஸில் முட்டிய பிறகு மேலும் தூக்கினால்தான் எடை விறுவிறுவென்று ஏறும். அப்படியே மூன்று ஆக்சிலின் அந்தப் பக்க எடை முழுவதும் ஜாக்கியின் மேல் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் 27-இல் பாதி, பதிமூன்றரை டன். சட்டப்படி ஏற்றிய வண்டி என்றால் 20 டன் தாங்கும். சட்டப்படி ஏற்றாத வண்டிக்கு ஜாக்கி மட்டுமா பிரச்சினை?

சேஸில் ஜாக்கி வைக்கிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சேஸைத் தூக்கினால் பட்டைகள் விரிந்து தொங்கி முடியும் வரை டயர் தரையை விடாது. அதற்குள் அந்தப் பக்கம் முழுவதையும் உயரத்தில் நிறுத்தியிருப்போம், இரும்பும் இரும்பும் வழுக்கும். அதனால் ஜாக்கியை ஆக்சிலில்தான் வைப்பேன். அதுவும் நடுவில் இல்லை, பட்டை உட்காரும் இடத்தை ஒட்டி, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் நட்டில் படாமல்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். மூடிய நிலையில் ஜாக்கி எவ்வளவு உயரம்?

டேப் வைத்து அளந்த கணக்கைச் சொல்கிறேன். நல்ல டயர்கள் லோடோடு நிற்கும்போது ஆக்சிலின் மையம் தரையிலிருந்து 50 செ.மீ. ஆக்சில் 15 செ.மீ. சதுரம், ஆகவே அதன் அடிப்பக்கம் 42 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஜோடியில் ஒரு டயர் போனால் இது சில செ.மீ. மட்டும் இறங்கும், ஏனென்றால் மற்றது தாங்குகிறது. இந்த நிலையில் எந்த ஜாக்கியும் உள்ளே போகும். இன்னும் சொன்னால் 20 டன் ஜாக்கி குட்டையாக இருப்பதால் அடியில் கட்டை கொடுக்க வேண்டும். உயரமான 50 டன்னுக்கு அந்தக் கட்டை வேலை குறைவு.

சிக்கல் ஜோடியில் இரண்டும் போகும்போதுதான். உள் டயர் காற்றில்லாமல் ஓடியதைக் கவனிக்காமல் விட்டால் மொத்த எடையும் வெளி டயருக்குப் போய், சூடேறி அதுவும் வெடிக்கும். சித்திரை வெயிலில் இது அபூர்வம் இல்லை. அப்போது டிஸ்க், அதாவது டயர் மாட்டிய இரும்புச் சக்கரம், நசுங்கிய ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். ஆக்சிலின் மையம் ஏறக்குறைய 32 செ.மீ.க்கு வந்துவிடும், அடிப்பக்கம் 25 செ.மீ.யைத் தொட்டு நிற்கும். கடையில் நான் பார்த்த 20 டன் ஜாக்கிகள் மூடிய நிலையில் 24 செ.மீ.யை ஒட்டி இருந்தன. 50 டன் ஜாக்கிகள் 28, 30 என்று நின்றன. 50 டன்னைத் தூக்கும் ஜாக்கியை அந்த இடுக்கில் நுழைக்கவே முடியாது. நுழைந்தால்தானே தூக்குவதற்கு? 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பை, 30 செ.மீ. சந்து வழியாக, இரண்டு டயர் அகலத்துக்குக் கையை நீட்டி உள்ளே தள்ளவும் வேண்டும். 20 டன் அதில் பாதி எடைகூட இல்லை, ஒருவரே தள்ளிவிடலாம்.

24-க்கும் 25-க்கும் இடையில் ஒரு விரல்தான் இருக்கிறது, அடியில் பலகை போட இடம் எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் கட்டை மறுபடி வருகிறது. போன சக்கரத்தையே ஒரு தட்டைப் பலகையின் மேல் மெல்ல ஏற்றி நிறுத்தினால் ஆக்சில் ஆறேழு செ.மீ. உயரும். டிஸ்க் எப்படியும் நசுங்கிய ரப்பரின் மேல்தான் உருளுகிறது, ஒரு அடி தூரம் உருட்டினால் பெரிய சேதம் வராது. அந்த இடத்தில் பலகையோடு ஜாக்கியும் உள்ளே போகும்.

தூக்கும் உயரத்திலும் இதே கதை. புது டயரை மாட்ட, காற்றடித்த டயரின் முழு ஆரம், அதாவது 52, 53 செ.மீ.க்கு மேல் ஆக்சிலின் மையம் வர வேண்டும். 32-லிருந்து 54-க்கு 22 செ.மீ. ஏற்றம். 20 டன் ஜாக்கியின் பிஸ்டன் சுமார் 15 செ.மீ. எழும்பும், தலையில் உள்ள திருகைச் சுழற்றினால் இன்னும் 6, 7 செ.மீ. கிடைக்கும். நான் பார்த்த 50 டன் ஜாக்கிகள் பலவற்றில் அந்தத் திருகே இல்லை. இருந்தாலும், ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் எழுப்பி, நீட்டிய திருகின் மேல் நாலரை டன்னை நிறுத்த நான் விரும்புவதில்லை. பாதி தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் இறக்கிவிடுவேன். பிறகு ஜாக்கிக்கு அடியில் கட்டை கொடுத்து இரண்டாவது தடவை தூக்குவேன். கட்டையை எப்போதும் ஜாக்கிக்குக் கீழேதான் கொடுக்க வேண்டும். மேலே, ஆக்சிலுக்கும் ஜாக்கித் தலைக்கும் நடுவில் செருகிய துண்டு எந்த நேரமும் பிதுங்கி வெளியே பாயும்.

அடுக்கிய கட்டை கடைசி வரை அங்கேயே இருக்கட்டும். பக்கத்து இரண்டு ஆக்சில்களும் தரையில் நிற்பதால் வண்டி கவிழாது என்பது உண்மை. விழப்போவது ஆக்சிலின் அந்த முனை. ஹைட்ராலிக் ஜாக்கி சீல் போனால் மெதுவாக இறங்கும், சரிந்தால் ஒரே அடியாக இறங்கும். டிரம்முக்கு அடியில் விரல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகிற சாலையின் ஓரமெல்லாம் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண்ணில் ஜாக்கி வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் புதையும். ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அளவு. 45 செ.மீ. சதுரப் பலகை போட்டாலும், நாலரை டன் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு இரண்டு கிலோவுக்கு மேல். கெட்டியான கிராவல் தாங்கும், நனைந்த கரிசல் தாங்காது. டயர் போனால் போகிறது என்று ஊர்ந்தாவது கெட்டி இடத்துக்குக் கொண்டுபோவதே மேல். முடியாவிட்டால் 1033-க்கு அடித்து நெடுஞ்சாலை உதவி வண்டியைக் கூப்பிடலாம். இதில் 20, 50 என்ற வித்தியாசமே இல்லை.

ஏர் ஜாக்கியை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. பஞ்சர் கடைகளில் என் வண்டிக்கே வைத்துத் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன். வண்டியின் ஏர் டேங்க்கிலிருந்தே குழாய் போட்டுக்கொள்ளலாம், கை வலி இல்லை, தள்ளி நின்று தூக்கலாம் என்பது பாதுகாப்புக்கு நல்லது. அடுக்கடுக்காக நீளும் குட்டை ரகம் என் 25 செ.மீ. இடுக்கிலும் தாராளமாக நுழையும். ஆனால் அது கனம், விலையும் அதிகம். ஏர் டேங்க்கில் சேரும் தண்ணீர் அதன் மோட்டாருக்குள் போகும். ரோட்டில் அது மக்கர் செய்தால் கையால் அடித்து ஓட்ட எல்லா மாடலிலும் வழி இருக்காது. நாலைந்து வண்டி வைத்து, ஷெட்டில் வைத்தே டயர் மாற்றுகிறவர்கள் இதைத்தான் வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். தனி வண்டிக்காரருக்கு அது அவசியம் என்று தோன்றவில்லை.

20 டன் ஜாக்கிக்கான பராமரிப்பு இரண்டே விஷயம். பிஸ்டனை முழுக்க இறக்கி, நிமிர்த்தி வைக்க வேண்டும், டூல் பாக்ஸில் படுக்கப் போட்டால் எண்ணெய் கசியும். குறைந்த எண்ணெய்க்கு ஹைட்ராலிக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊறிப் போய்விடும்.

ஜாக்கியைச் சேராத ஒன்று, இருந்தாலும் இந்த வேலையிலேயே ஆபத்தானது. லாக் ரிங் (டயர் கழன்று வராமல் பிடித்து வைக்கும் தனி இரும்பு வளையம்) போட்ட டிஸ்க் என்றால், சக்கர நட்டுகளைக் கழற்றும் முன் போன ஜோடியின் இரண்டு டயரிலும் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். காற்றில்லாமல் ஓடிய டிஸ்க்கில் ரிங் இடம் மாறியிருக்கும். நட்டு தளர்ந்ததும் அது பறந்தால் ஆளைக் கொல்லும்.

லோபெட் (தளம் தாழ்ந்த டிரெய்லர்) வைத்திருப்பவர்களுக்கு என் 20 டன் தேர்வு பொருந்தாது. சின்னச் சக்கரம், தாழ்ந்த ஆக்சில், அங்கே 24 செ.மீ.யே அதிகம். அவர்கள் இரண்டு அடுக்கு குட்டை ஜாக்கியைத்தான் தேட வேண்டும். டிரான்ஸ்பார்மர், காற்றாலை எந்திரம் ஏற்றிப் போகும் ஹைட்ராலிக் ஆக்சில் வண்டிகளுக்கோ பெரும்பாலும் ஜாக்கியே தேவைப்படாது. போன ஆக்சிலின் வால்வை மட்டும் பிரித்து, அதன் சிலிண்டரை உள்ளே இழுத்துச் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொள்வார்கள், மற்ற ஆக்சில்கள் சுமையைப் பார்த்துக்கொள்ளும்.