ஃபெட்டர்மனா, டாக்டர் ஆஸா: 2022 பென்சில்வேனியா

குடியரசுக் கட்சியின் பேட் டூமி மறுபடி நிற்கப்போவதில்லை என்றதும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பென்சில்வேனியா மாநிலத்துக்காக அவர் வகித்த இடம் காலியானது. நடப்பு செனட்டர் களத்தில் இல்லை என்றால் 'ஆறு வருஷம் என்ன செய்தார்' என்ற கேள்வியே எழாது. ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. அதுவும் ஒரு தொகுதியில் அல்ல, 67 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கொண்ட மாநிலம் முழுவதும்.

குடியரசுக் கட்சியின் மெஹ்மத் ஆஸ் இதய அறுவை மருத்துவர், டிவியில் நாடறிந்த முகம், டிரம்ப்பின் ஆதரவு பெற்றவர். ஆனால் உட்கட்சித் தேர்தலில் டேவ் மெக்கார்மிக்கைத் தாண்டியது வெறும் 951 ஓட்டில். நம்மூரில் 'இறக்குமதி வேட்பாளர்' என்போமே, அந்த முத்திரை அவர்மேல் விழுந்தது. மருத்துவம் படித்தது பிலடெல்பியாவில்தான் என்றாலும், பல்லாண்டுகள் குடியிருந்தது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில்.

ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மன் பிராடக் என்ற நொடித்துப்போன எஃகு ஊரின் முன்னாள் மேயர். அந்த ஊரின் அஞ்சல் குறியீடு 15104 அவர் கையில் பச்சை குத்தியிருக்கிறது. ஹூடியும் அரைக்கால் சட்டையுமாகத் திரியும் இவரை உழைப்பாளி வீட்டுப் பிள்ளை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வசதியான குடும்பம், ஹார்வர்ட் படிப்பு. மேயராக இருந்தபோதும் பெற்றோர் பணம் கொடுத்து உதவினார்கள். அதாவது, வேஷம் இரண்டு பக்கமும் உண்டு. ஃபெட்டர்மனின் வேஷம் உள்ளூரில் தைத்தது, அவ்வளவுதான்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது ஒரு மளிகைக் கடையில். விலைவாசியைக் காட்ட வீடியோ எடுத்த ஆஸ், கடையின் பெயரையே தப்பாகச் சொன்னார். கூடவே புரோக்கோலியையும் கேரட்டையும் கையில் அள்ளிக்கொண்டு 'க்ரூடிட்டே' என்று பிரெஞ்சுப் பெயர் வைத்தார். இங்கே அதைக் காய்கறித் தட்டு என்போம் என்று ஃபெட்டர்மன் தரப்பு போட்ட ஒரு வரி, பத்துப் பொதுக்கூட்டத்துக்குச் சமம்.

பேச்சில் ஆஸ்தான் கெட்டிக்காரர். மே மாதம் பக்கவாதம் வந்த ஃபெட்டர்மன், அக்டோபர் 25 விவாதத்தில் திரையில் எழுத்தாக ஓடிய கேள்விகளைப் படித்துப் படித்துத் தடுமாறினார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆனால் கருக்கலைப்பை முடிவுசெய்ய வேண்டியவர்கள் பெண்கள், மருத்துவர்கள், உள்ளூர் அரசியல் தலைவர்கள் என்று ஆஸ் சொல்லிவைத்தார். அந்தக் கடைசிச் சொல்லை எதிர்த்தரப்பு உடனே விளம்பரமாக்கிவிட்டது.

முடிவு: ஃபெட்டர்மன் 51.2, ஆஸ் 46.3 சதவீதம். அந்த ஆண்டு கட்சி மாறிய ஒரே செனட் இடம் இதுதான். ஆஸை ஒரேயடியாக மட்டம் தட்டவும் முடியாது. அதே நாளில் ஆளுநர் பதவிக்கு நின்ற அவர் கட்சிக்காரர் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

அப்புறம் அந்த 951 ஓட்டு மெக்கார்மிக் என்ன ஆனார்? 2024-இல் மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்கு நின்றார். 'கனெக்டிகட்காரர்', அதாவது வெளிமாநிலத்தவர் என்று அவரையும் குத்தினார்கள். பென்சில்வேனியாவில் வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, அது ஆஸைக் கவிழ்த்த அளவுக்கு இவரைக் கவிழ்க்கவில்லை. மயிரிழையில் ஜெயித்துவிட்டார்.