டி.என்.இ.ஏ. இணையக் கலந்தாய்வு: கணக்கு பக்கா, விளக்கம்தான் போதாது

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான பொறியியல் சேர்க்கையை (சுருக்கமாக டி.என்.இ.ஏ.) 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஊர்வாயில் இன்னும் அது 'அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்'தான். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி. பிரிவினருக்கு 250. வீட்டில் கணினி இல்லாதவர்கள் டி.எஃப்.சி. எனப்படும் சேர்க்கை உதவி மையத்துக்குப் போய்ப் பதியலாம். சீட் ஒதுக்கும் முறையில் குறை சொல்ல இடமில்லை: சிபாரிசு செல்லாது, ரேங்க் மட்டுமே பேசும். ஆனால் அதில் புழங்கும் சொற்களை முதல் தலைமுறை மாணவர் ஒருவர் தனியாகப் படித்துப் புரிந்துகொள்வது சிரமம்.

பலரும் போட்டுக் குழப்பிக்கொள்வது தகுதி மதிப்பெண்ணையும் கட்-ஆஃபையும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால்தான் உள்ளேயே வர முடியும். ரேங்க் போடுவது கட்-ஆஃபை வைத்து. கணித மதிப்பெண் அப்படியே, மற்ற இரண்டும் பாதியாக, மொத்தம் 200க்கு. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. கணிதத்தில் 4 மார்க் போனால் கட்-ஆஃபில் முழுதாக 4 போகும். வேதியியலில் போனால் 2தான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கலில் தரும் ரேண்டம் எண்ணை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதியிலும் தீராதபோதுதான் அதன் முறை வரும்.

சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவதுதான் உண்மையான பரீட்சை. மூன்று நாள் அவகாசம். உங்கள் ரேங்க் வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழே படித்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். 'இது நிச்சயம் கிடைக்கும்' என்று ஒரு சாதாரணக் கல்லூரியை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். கீழே போட்ட நல்ல கல்லூரியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே விருப்பம் எதுவோ அந்த வரிசையில்தான் போட வேண்டும். கைக்கு எட்டாததை மேலே வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்க, பத்தோடு நிறுத்திவிட்டு அந்தக் கலந்தாய்வுச் சுற்றில் வெறுங்கையோடு நிற்பவர்களும் உண்டு. கல்லூரியின் பெயரைப் பார்க்காமல் அதன் குறியீட்டு எண்ணைப் பாருங்கள்: கோவையில் பி.எஸ்.ஜி. டெக் 2006, பி.எஸ்.ஜி. ஐடெக் 2377. பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். கல்லூரிவாரியாக, சமூகப் பிரிவுவாரியாகப் போன வருஷக் கட்-ஆஃபைத் தளமே தருகிறது. நல்ல வசதி. ஆனால் வினாத்தாள் சுலபமாக அமைந்த வருஷம் கட்-ஆஃப் மொத்தமாக ஏறிவிடும். அதனால் மார்க்கை நம்புவதைவிட, அந்தக் கட்-ஆஃபுக்குப் போன வருஷம் என்ன ரேங்க் இருந்தது என்று ஒப்பிடுவது மேல்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டே நாள். 'அக்செப்ட் அண்டு ஜாயின்' கொடுத்தால் குறித்த தேதிக்குள் கல்லூரியில் பணம் கட்டிச் சேர வேண்டும், தவறினால் சீட் போய்விடும். 'அக்செப்ட் அண்டு அப்வர்டு' கொடுத்தால் டி.எஃப்.சி.யில் பணம் கட்டி, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். மேலே ஒன்று கிடைத்த கணமே பழைய சீட் கைவிட்டுப் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. எனவே உண்மையிலேயே வேண்டாத கல்லூரி எதுவும் பட்டியலின் மேல்பகுதியில் இருக்கக் கூடாது. 'டிக்ளைன் அண்டு அப்வர்டு' கையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே பார்ப்பது. கையில் இருப்பது அறவே பிடிக்காதவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொட வேண்டாம். இந்த மூன்றையும் தமிழில், ஆளுக்கொரு உதாரணத்தோடு அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

சான்றிதழ்களைப் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கோர மறக்க வேண்டாம். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவை. குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையை அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பி தங்கைக்குக் கிடையாது.